பழைய மருந்துக் குப்பியும் பரணியும் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் பழைய மருந்துக் குப்பிகள் இன்னும் கிடைக்கின்றன. நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் நூறு வருடத்துக்கு மேல் நடந்த மண் இது. கிளை மருந்தகங்களும் கம்பவுண்டர்களும் கிராமம் வரைக்கும் போனார்கள். இன்னொரு பக்கம் வர்ம ஆசான்கள், சித்த வைத்தியர்கள், ஆயுர்வேத வைத்தியசாலைகள். அதனால் ஒரே தெருவில் இங்கிலீஷ் மருந்தின் கண்ணாடிக் குப்பியும் நாட்டு மருந்தின் பீங்கான் பரணியும் கிடைக்க வாய்ப்புண்டு.

ஆனால் எப்படி வாங்குவது, எதைத் தொடக்கூடாது, என்ன எழுதி வாங்கவேண்டும் என்று சொல்லித்தர இங்கே ஆள் இல்லை. வக்கீல், வேதியியல் ஆசிரியர், வயதான வைத்தியர் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டியதில்லை. மொத்தமும் இரண்டு விதிக்குள் அடங்கும்: காலியாக வாங்குங்கள், எழுத்தோடு வாங்குங்கள்.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் வாங்க ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் வீட்டில் இடம் இருக்காது. நம் பக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை.

ஒன்று, மருந்துக்கடை அலமாரியில் வரிசையாக நின்ற உருண்டைக் குப்பிகள். தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி இருக்கும். வாய் அகலமானது பொடிக்கு, ஒடுங்கியது திரவத்துக்கு. இரண்டு, விஷக் குப்பிகள். கருநீலம், பச்சை, பழுப்பு நிறங்களில், ஆறு பட்டையாக, மேலே வரிவரியாகப் புடைப்பு வைத்திருப்பார்கள். ராத்திரி இருட்டில் கை பட்டாலே இது குடிக்கிற மருந்து இல்லை என்று தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிரிட்டிஷ் குப்பிகளில் ‘நாட் டு பி டேக்கன்’ (உட்கொள்ளக் கூடாது) என்று கண்ணாடியிலேயே ஆங்கில எழுத்து புடைத்து நிற்கும். மூன்று, அரிஷ்டம், தைலம், லேகியம் வைத்த பீங்கான் பரணிகள். நான்கு, களிம்புச் சிமிழ்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது முதல் வகையை. விலை குறைவு, போலி குறைவு, லேபிளில் படிக்க நிறைய இருக்கும். விஷக் குப்பிமேல்தான் எல்லோருக்கும் ஆசை. அதனாலேயே போலியும் அங்கேதான் அதிகம்.

2. எங்கே, எந்த மாதத்தில் தேடுவது

ஆக்கர் கடைகள், அதாவது பழைய சாமான்களை எடைக்கு வாங்கும் கடைகள்தான் முதல் இடம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மூன்று ஊரிலும் சுற்றுங்கள். கடைக்காரரிடம் “அண்ணாச்சி, லேபிள் ஒட்டின பழைய மருந்துக் குப்பி வந்தா உடைக்காம எடுத்து வைங்க, நான் வந்து பார்க்கேன்” என்று சொல்லி, போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். கண்ணாடி அவர்களுக்கு எடைக்கணக்கு. மூடியைத் தனியாக, குப்பியைத் தனியாக எறிவார்கள். உடைக்காமல் வைத்ததற்கு எடைக்கு மேலே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

இரண்டாவது இடம், இடிக்கப்போகும் ஓட்டு வீடுகள். ஜூனில் மழை பிடிப்பதற்குள் இடித்து அஸ்திவாரம் போட நினைப்பவர்கள் ஜனவரி முதல் மே வரைக்கும் வீட்டை ஒழிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும் நவம்பர், டிசம்பரிலும் பரணில் கிடப்பது கீழே இறங்கும். வீட்டுக்காரர்கள் நேரடியாகக் கொடுக்கும் குப்பிக்கு ஒரு கூடுதல் மதிப்பு உண்டு. அது யார் கையில் இருந்தது, எந்த ஊர் டிஸ்பென்சரியில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்கும். அதைக் கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். வீட்டில் ஒரு பாட்டா (தாத்தா) உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போய் உட்காருங்கள், பேரம் பிறகு.

மூன்றாவது, பழம்பொருள் கடைகள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவும் கொச்சி மட்டாஞ்சேரியும் பெயர்பெற்றவை. அங்கே வாங்குவதற்கு முன் கண் பழகட்டும் என்று பார்க்க மட்டும் ஒருமுறை போய் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அரசு ஆஸ்பத்திரிப் பொருள் என்று யாராவது கொண்டு வந்தால் வாங்காதீர்கள். அரசுச் சொத்தைக் கழிவு என்று அறிவித்து ஏலம் விட்டால்தான் வெளியே வரமுடியும். ஏல ரசீது இருக்கவேண்டும். சர்ச், மிஷன், அறக்கட்டளைப் பொருளாக இருந்தால் நிர்வாகத்தின் ரசீது அவர்கள் தாளில் வேண்டும். காவலாளியிடமோ, வேலைக்கு வந்தவரிடமோ வாங்கக்கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும்.

3. உள்ளே ஏதாவது இருந்தால் வாங்காதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பழைய குப்பியில் அடியில் காய்ந்து கிடப்பது ‘மருந்துதானே’ என்று நினைக்கவேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய மருந்தகத்தில் பாதரச உப்புகளும் ஆர்சனிக்கும் எட்டிக்காயில் எடுக்கும் ஸ்ட்ரிக்னைனும் சாதாரணச் சரக்கு. ஆர்சனிக்கும் பாதரசமும் தனிமங்கள், சிதைந்து மறைவதில்லை. காலம் போனால் வீரியம் போகும் என்பது அவற்றுக்குப் பொருந்தாது.

நாட்டு மருந்துப் பரணியிலும் அதே கதைதான். லேபிளிலோ மூடியிலோ கீழ்க்கண்ட பெயர்களில் ஒன்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்: ரசம், லிங்கம், வீரம், பூரம் ஆகியவை பாதரசம், தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகியவை ஆர்சனிக், நாபி, எட்டி ஆகியவை தாவர நஞ்சு, மயில்துத்தம் செம்பு உப்பு, சேராங்கொட்டை எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும். சுத்தி செய்த, அதாவது முறைப்படி நஞ்சு நீக்கிய மருந்து என்று விற்பவர் சொன்னாலும், சுத்தி செய்ததா செய்யாததா என்பதை அவரால் காட்டமுடியாது.

மூன்று பொருள்களைத் தனியாகச் சொல்கிறேன். பிக்ரிக் ஆசிட்: மஞ்சள் நிறப் படிகம், ஒரு காலத்தில் தீக்காயத்துக்குப் போட்டது. நன்றாகக் காய்ந்துவிட்டால் வெடிக்கும். மூடியைத் திருகும் உராய்வே போதும். ஈதர்: பழசானால் உள்ளே வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். இவை இருக்கும் குப்பியை நகர்த்தாமல், திறக்காமல், 112-ஐ அழைத்துச் சொல்லுங்கள். மூன்றாவது அபின், கொகெய்ன் சம்பந்தப்பட்டவை. லாடனம், ஓபியம் டிங்சர், மார்ஃபின், கொகெய்ன் என்று லேபிள் இருந்து உள்ளே துளி இருந்தாலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் குறுக்கே வரும். ‘பழம்பொருள்’ என்று சொல்லித் தப்பமுடியாது. காலிக் குப்பியில் அந்த லேபிள் இருப்பதில் குற்றமில்லை.

வைத்தியர் வீட்டு மருந்துப் பெட்டியை மொத்தமாக வாங்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. கஸ்தூரி, மான்கொம்பு, புலிநகம், தந்தத்தால் செய்த தட்டு, தராசுக் கைப்பிடி என்று ஏதாவது ஒன்று உள்ளே கிடக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வாங்குவது குற்றம், உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். பெட்டியில் இருப்பதை முழுவதும் பார்த்துவிட்டு, குப்பிகளை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு வாங்குங்கள்.

தெரியாமல் வந்து சேர்ந்த உள்ளடக்கத்தை என்ன செய்வது? சாக்கடையிலும் குளத்திலும் கிணற்றடியிலும் கொட்டக்கூடாது. எரிக்கவும் கூடாது. பிக்ரிக் ஆசிடுக்கும் ஈதருக்கும் 112 என்று மேலே சொன்னேன். மற்றவை என்றால், குப்பியை அப்படியே இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்தி, ‘விஷம்’ என்று எழுதி, பூட்டி வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வர நாளாகும். அதனால்தான் காலியாக வாங்கச் சொல்கிறேன்.

பாதரசம் தரையில் சிந்தினால் விளக்குமாற்றால் பெருக்கக்கூடாது. சிறு உருண்டையாகச் சிதறி ஆவியாகும். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். யாருக்காவது உள்ளே போய்விட்டால், மேலே பட்டு மயக்கம் வந்தால் 108. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு லேபிளின் போட்டோவையும் கொண்டு போங்கள்.

4. லேபிளை வைத்து வயதைக் கண்டுபிடியுங்கள்

நம் மாவட்டத்துக் குப்பிக்கு வயது சொல்வது மற்ற ஊர்க் குப்பியைவிட எளிது. காரணம், இந்த மண் பெயரும் ஆட்சியும் பலமுறை மாறியது.

லேபிளில் ‘திருவிதாங்கூர்’ மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1949 ஜூலைக்கு முந்தியது. ‘திருவிதாங்கூர்-கொச்சி’ என்றிருந்தால் 1949-க்கும் 1956-க்கும் இடையில். 1956 நவம்பர் 1-ல்தான் நாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தோம். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1969-ல். விலை சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயத்தில் எழுதியிருந்தால் திருவிதாங்கூர் காலம். நயா பைசா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் இருக்கவே முடியாது. இந்த ஒன்றைப் பார்த்தாலே, ‘வெள்ளைக்காரன் காலத்து’ என்று விற்கப்படும் பல குப்பிகள் கழிந்துவிடும்.

மருந்தின் பெயருக்குப் பின்னால் ‘பி.பி.’ என்றிருந்தால் பிரிட்டிஷ் மருந்து நூலின் (பார்மகோபியா) தரப்படி செய்தது. ‘ஐ.பி.’ என்றிருந்தால் இந்திய மருந்து நூல்படி. அதன் முதல் பதிப்பு 1955-ல் வந்தது. அதனால் ‘ஐ.பி.’ குப்பி அதற்குப் பிந்தியது. ‘பி.பி.’ மட்டும் வைத்து முந்தியது என்று முடிவு கட்டவேண்டாம், அது பின்னாலும் தொடர்ந்தது. அளவு அவுன்ஸ், டிராம் என்றிருந்தால் பழையது. மில்லி, கிராம் என்றால் பெரும்பாலும் 1960-களுக்குப் பிறகு.

லேபிள் போயிருந்தால் கண்ணாடியைப் பாருங்கள். அச்சில் ஊதும்போது விழும் தையல்கோடு பக்கவாட்டில் ஏறி வரும். கழுத்திலேயே நின்றுபோனால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாயின் உச்சி வரைக்கும் கோடு போனால் இயந்திரக் குப்பி. முழுத் தானியங்கிக் குப்பி இயந்திரம் 1903-ல் அமெரிக்காவில் வந்தது. அது உலகமெங்கும் பரவக் காலம் எடுத்தது. குமிழி இருப்பதை மட்டும் வைத்துப் பழையது என்று நம்பாதீர்கள், இன்றும் குமிழியோடு ஊதித் தருகிறார்கள்.

5. போலியைப் பிரிக்க ஒரு டார்ச்சும் ஒரு லென்ஸும்

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா வெளிச்ச டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் அப்படித்தான். குப்பி வாங்கும் முன் இந்த இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

லேபிள்மேல் டார்ச் அடியுங்கள். தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி சேர்ந்திருக்கிறது. அது ஏறக்குறைய 1950-க்குப் பிறகுதான் தாளில் பரவலாக வந்தது. ‘1910 லேபிள்’ ஒளிர்ந்தால் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒளிராதது எல்லாம் நிஜம் என்றும் ஆகாது. பழைய கணக்குப் புத்தகத் தாளைக் கிழித்து அச்சடிப்பவர்கள் உண்டு. அதற்குத்தான் லென்ஸ். எழுத்தின் ஓரத்தில் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் கம்ப்யூட்டர் அச்சு. ஈய எழுத்தில் அச்சடித்தது தாளில் லேசாகக் குழிந்திருக்கும்.

தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கிய லேபிள் முழுவதும் ஒரே பழுப்பாக இருக்கும். நிஜமாகப் பழுத்தது அப்படி இருக்காது. ஓரம் அதிகமாக, மருந்து வழிந்த பக்கம் இன்னும் அதிகமாக, மூடிக்குக் கீழே ஒரு தினுசாக மங்கியிருக்கும். ஊற்றும்போது திரவம் எந்தப் பக்கம் வழியும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்து எதிர்ப்பக்கம் கறை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூடியையும் பாருங்கள். தேய்த்த மூடி அந்தந்தக் குப்பிக்கென்றே பொருத்தித் தேய்க்கப்பட்டது. பல குப்பிகளில் மூடியின் அடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். எண் மாறினால், அல்லது ஆட்டும்போது கடகடவென்று ஆடினால், வேறு குப்பியின் மூடி. வாங்கக்கூடாது என்றில்லை, விலையைக் குறைக்கவேண்டும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியை வைக்கும் பீங்கான் ஜாடிகளை, ஆங்கிலத்தில் ‘லீச்சஸ்’ என்று பெரிதாக எழுதியவற்றை, புதியவர்கள் தொடவே வேண்டாம். உலகம் முழுவதும் போலி செய்யப்படும் சாமான் அது.

6. செலவு

லேபிள் இல்லாத பழுப்புக் குப்பி ஆக்கர் கடையில் ஒரு சாயாக் காசுக்குக் கிடைக்கும். லேபிளும் மூடியும் முழுதாக உள்ள அலமாரிக் குப்பி நூற்றுக்கணக்கில் போகும். புடைப்பெழுத்துள்ள கருநீல விஷக் குப்பிக்குப் பழம்பொருள் கடையில் ஆயிரத்துக்கு மேலே கேட்பார்கள். முதல் வருடம் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்காதீர்கள், ஒரே குப்பியில் அதை முழுவதும் போடாதீர்கள். வாயில் சிறு சிராய்ப்பு இருந்தால் பாதி விலை. உடலில் விரிசல் இருந்தால் காசு கொடுக்கவேண்டாம். பரணியை விரல்கணுவால் தட்டுங்கள். கணீர் என்று வராமல் மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குகிறவர்கள் குப்பி விலையோடு நிறுத்தாமல் தபால், சுங்கம், கூரியர் கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உடைந்து வந்தால் கண்ணாடிக்கு இழப்பீடு பெரும்பாலும் கிடையாது.

7. ரசீது: ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது

“மக்கா, வெறுங்குப்பிக்கு எதுக்கு எழுத்து?” என்று கேட்பார்கள். சங்கடப்படாமல் எழுதி வாங்குங்கள். நான் வாங்கும் தாளில் இருப்பவை இவை: தேதி, இடம், விற்பவர் பெயர், முகவரி, போன், பொருளின் விவரம், உயரம், நிறம், லேபிளில் உள்ள வாசகம் அப்படியே, ‘இது என் சொந்தப் பொருள், காலியாக விற்கிறேன்’ என்ற வரி, விலை, கையெழுத்து. கூடவே குப்பியின் போட்டோ, அடிப்பாகத்தின் போட்டோ. அடையாள நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் போதும் என்று சொல்லுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இயன்றவரை பணத்தைப் போன் வழியாக அனுப்புங்கள், அந்தப் பதிவும் ஒரு சாட்சி.

8. நூறு வருடக் கணக்கு

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் 100 ஆண்டு பழையதாக இருந்தால் அது தொல்பொருள். கண்ணாடிக் குப்பியும் பீங்கான் பரணியும் கட்டாயப் பதிவுக்கு அறிவித்த வகைகளில் இல்லை. சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி போன்றவைதான் அந்தப் பட்டியலில். எனவே வீட்டில் வைத்துக்கொள்ளப் பதிவு வேண்டாம். ஆனால் மருந்துப் பெட்டியோடு வைத்திய ஏடுகள் வந்தால் கதை வேறு. 75 ஆண்டு தாண்டிய கையெழுத்துச் சுவடிகள் இச்சட்டத்துக்குள் வரும். பதிவு செய்ய வேண்டுமா என்று தொல்லியல் துறைப் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். ‘அண்ணனுக்கு ஒரு குப்பி கொடுத்து விடுவோம்’ என்று பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். 100 ஆண்டு தாண்டியதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட இளையதாக இருந்து பார்க்கப் பழசாகத் தெரிந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கவேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு இதற்கு ஓடினால் நேரம் பற்றாது.

9. கழுவுவது

நைட்ரைல் கையுறை, முகக்கவசம், வெளியே திறந்த இடம், தனி வாளி. சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். லேபிள் உள்ள குப்பியின் வெளிப்பக்கம் தண்ணீர் படவே கூடாது; லேபிள்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றிவிட்டு உள்பக்கம் மட்டும் கழுவுங்கள். காலி என்று உறுதியான குப்பிக்குள் ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் படிந்தது விடும். அந்த அரிசியைக் கோழிக்குப் போடாதீர்கள், கட்டிக் குப்பையில் சேருங்கள். கம்பித் தேய்ப்பானும் கழிப்பறை ஆசிட்டும் வேண்டாம். பொன் எழுத்து உள்ளதை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் எழுத்து போய்விடும்.

மூடி இறுகியிருந்தால் அடுப்பில் காட்டக்கூடாது. இடுக்கில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, ஒரு நாள் விட்டு, மரக்கரண்டியின் காம்பால் இரு பக்கமும் மெல்லத் தட்டுங்கள். வராவிட்டால் இன்னும் ஒரு நாள். உள்ளே என்ன என்று தெரியாத குப்பியின் மூடியைத் திறக்க முயலவே வேண்டாம்.

எத்தனை முறை கழுவினாலும் இதில் ஊறுகாயோ எண்ணெயோ வைக்கக்கூடாது. பரணி அழகாக இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

10. வைப்பது, கொடுப்பது

கடற்கரைப் பக்கம், குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் லேபிளைத் தின்னும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. கண்ணாடிக் கதவுள்ள, பூட்டக்கூடிய அலமாரி, வெளிச்சுவரில் ஒட்டாமல், நேர் வெயில் படாமல். உள்ளே சிலிகா ஜெல் பைகள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். விஷக் குப்பிகள் மேல்தட்டில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில்.

ஒரு பதிவேடு போடுங்கள். குப்பிக்கு ஒரு பக்கம்: எண், போட்டோ, ரசீது, யார் கையிலிருந்து வந்தது, அவர் சொன்னது, கழுவியதா இல்லையா. எண்ணை அடியில் பென்சிலால் எழுதிய சிறு சீட்டாகக் கட்டுங்கள், பசை வேண்டாம்.

விற்க நினைத்தால், 100 ஆண்டு தாண்டியதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். எப்போதாவது இன்னொரு சேகரிப்பாளருக்கு ஒன்றைக் கொடுப்பது வேறு, கடை போல நடத்துவது வேறு. எல்லை எங்கே என்று சந்தேகம் வந்தால் விற்பதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். கொடுக்கும்போது பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் குப்பியோடு சேர்த்துக் கொடுங்கள். கழுவாததாக இருந்தால் சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுங்கள்.